காப்பிக்கு வந்த நாப்பது டாக்டருங்க

சீட்டு மாறிக்கலாமுங்க தம்பி, அந்தப் பெல்ட் விளக்கு அணையட்டும். உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்து உக்காந்தேன், ப்ளேன் குலுங்குதுன்னு விளக்கைப் போட்டுட்டாங்க. நாலு வரிசை முன்னாடிதான் என் சீட்டு. நீங்க அங்க போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன். எதுக்கா? சொல்றேன். அட்டையில இருதயம் போட்ட புஸ்தகம் படிக்கறீங்களே, டாக்டருங்களா? நெனச்சேன்.

எம்பையன் திருமூர்த்தியும் டாக்டர்தான். கோயமுத்தூர் கவர்மென்ட் காலேஜ்ல சர்க்கார் செலவுல படிச்சவன். நியூஜெர்சியில, வெஸ்ட் வின்ட்சர்ல வீடு. எத்தாப்பெரிய வீடுன்னா, கீழ தாளிச்சா மாடியில மறுநாள்தான் தும்முவாங்க.

போன மாசம் நம்மூரு டாக்டருங்க நாப்பது பேரைக் காப்பிக்குக் கூப்பிட்டான். எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ்னு இந்த ஜனாதிபதி கிளின்டன் கெளம்பியிருக்காரே, அதை நிறுத்தணுமாம். எம்பையன் எந்திரிச்சுச் சரித்திரம் சொல்றான். ட்ரூமன்னு ஒரு ஜனாதிபதி காலத்துலயே டாக்டருங்க சேந்து இதைத் தோக்கடிச்சாங்களாம். பொறவு, என்னாட்டக் கெழடுகளுக்கு மட்டுமாவதுன்னு ஒண்ணு கொண்டாந்தப்ப, டாக்டர் சம்சாரமுங்க அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களைக் காப்பிக்குக் கூப்பிட்டு, கவர்மென்ட் வைத்தியம் வந்தா சுதந்திரமே போயிரும்னு கிராமபோன் ரெக்கார்டு போட்டுக் கேக்க வெச்சாங்களாம். அப்பேர்ப்பட்ட பரம்பரை நாமன்னு நெஞ்சை நிமித்தறான். கவர்மென்ட் கை வெச்சா வைத்தியம் நாறிப்போகுமாம். நீ யாரு காசுல படிச்சேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சாரதா முறைச்சா. என் சம்சாரமுங்க. நாப்பது பேருக்கும் காப்பி ஆத்தினவ அவதான்.

தட்டோட வந்தவ, கதவைப் புடிச்சுட்டு அப்படியே கீழ உக்காந்துட்டா. நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்சாப்ல இருக்குதுங்கறா. தெப்பமா வேர்க்குது.

நாப்பது டாக்டருங்க தம்பி. ஒரு கொசு பறந்து வந்திருந்தாக்கூட றெக்கைக்கு ஒருத்தர், காலுக்கு ஒருத்தர்னு பாத்திருப்பாங்க. ஒருத்தராச்சும் ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமே? ஊருல இருந்து சும்மா பாக்க வந்தவளுக்கு இன்ஷூரன்ஸ் ஏது. ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டையே விக்கோணும்ப்பான்னு எம்பையன் காதோரமா சொல்றான். ஆஸ்பிரின் குடுத்து சோபாவுல படுக்க வெச்சாங்க. அப்புறம் உக்காந்து மீட்டிங்கை முடிச்சாங்க. மிச்சக் காப்பியையும் குடிச்சாங்க தம்பி.

மறுநாள் அவன் சிநேகிதன் ஒருத்தனோட கிளினிக்குக்குப் பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போயி ஈசிஜி எடுத்தாங்க. அட்டாக்தானாம். ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா, கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில என் கிளாஸ்மேட் இருக்கான், நல்லாப் பாப்பாங்கன்னான். கவர்மென்ட் ஆஸ்பத்திரிங்க. சொல்றப்ப மூஞ்சி கூடச் சுளிக்கல.

எம்பையனா? கூட வரல. வாஷிங்டன்ல அடுத்த மீட்டிங்காம். அட்டாக்குன்னு சொன்னா ப்ளேன்ல ஏத்தமாட்டாங்கன்னு, மூட்டுவலின்னு சொல்லி வீல்சேர் போட்டுக் குடுத்தான். நம்மூரு அப்பனாத்தா எல்லாருமே வீல்சேர்லதானே போறோம், யாரு சந்தேகப்படறது.

அந்தா, நீலச் சால்வை போத்திட்டு, என் சீட்டுக்குப் பக்கத்துல, அதான் சாரதா. தூங்கலீங்க, கண்ணை மூடிட்டிருக்கா. ஏறினதுல இருந்து இடது கையைத் தேச்சுட்டே வர்றா. பக்கத்துல உக்காந்தா எனக்கு ஒண்ணுமில்லேன்னு புளுகத்தான் தெரியும், நாடி பாக்கத் தெரியாதே.

விளக்கு அணைஞ்சிருச்சு. எந்திரிங்க தம்பி. இன்ஷூரன்ஸ் இருக்குதான்னு மட்டும் அவகிட்டக் கேட்டுராதீங்க.