கழலை விழுந்த தோட்டம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அதனால் மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது, சார். பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அந்த இடத்தையே முடித்தேன். சென்னையில் வங்கி அதிகாரி ஒருவர் வந்தார், தூத்துக்குடி டாக்டர் ஒருவர் வந்தார். இரண்டையும் வேண்டாம் என்றேன்.

அந்த டின் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள். நான் கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்துகிறவன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

என் மனைவி தங்கபாய் இறந்தபோது மகள் செல்லக்கனி தவழ்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் செய்யவில்லை. தலை பின்னிவிட்டது நான். கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான். பெரியவளானபோது பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடாமல் எல்லாவற்றையும் நானே விளக்கினேன். பிறகு நான் பாடம் நடத்தும் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். வீட்டிலும் கல்லூரியிலும் என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவள் இருந்ததே கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஐயாதுரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்கு மேற்கே ரோஜாத் தோட்டம் வைத்திருந்தான். மாலைக்குப் பூவும், விற்பனைக்கு ஒட்டுச் செடியும். அதிகம் படிக்கவில்லை, நல்ல உழைப்பாளி. என்னிடம் மரியாதையாக இருப்பான். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கனி என் வீட்டுக்கு வர வேண்டும் என்று. சரி மாமா என்றான்.

முதல் வருடம் வந்தாள். இரண்டாவது வருடம் பூ எடுக்கிற நாள் என்றாள். பிறகு பிள்ளை உண்டானாள். பிறந்த குழந்தைக்குத் தங்கபாய் என்று என் மனைவியின் பெயரையே வைத்தார்கள். எனக்காக வைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் வருவது இன்னும் குறைந்தது. நான் போனால், "அப்பா, செத்த நேரம் இருங்க, ஒட்டுக் கட்டிட்டு வாரேன்" என்று தோட்டத்துக்குள் போய்விடுவாள். ஒட்டுக் கட்ட அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த விரல்கள் என்னுடையவை. அவற்றை வைத்து அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். வந்தாள், ரசம் வைத்துக்கொடுத்தாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் திரும்பிவிட்டாள். இன்னொரு தடவை சொன்னபோது ஐயாதுரையை அனுப்பினாள்.

நான் இரண்டு பேருக்கு உலை வைத்து ஒரு ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் பேப்பர் வாங்க வந்தேன் என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நிற்கும்போது அவர்களைப் பார்த்தேன். அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். குழந்தை ஐயாதுரையின் தோளில். கனி தலையைத் துவட்டாமல் ஈரக் கூந்தலை அப்படியே விட்டிருந்தாள். எதற்கோ சிரித்தாள். என் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், வந்திருக்க வேண்டும். என்னை அவள் பார்க்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஆய்வகத்தில் அந்தக் கிருமிக் குழாயை எடுத்தேன்.

அது ஒன்றும் விஷம் இல்லை, சார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வருடா வருடம் மதுரையிலிருந்து வாங்கி வைப்போம். ஒரு மண் பாக்டீரியா. செடியில் காயம் பட்ட இடத்தில் நுழையும். தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செருகிவிடும். அதற்குப் பிறகு அந்த இடம் செடியின் பேச்சைக் கேட்காது. கழலையாகப் பெருக்கும். மனிதனுக்குப் புற்றுக்கட்டி வருகிற மாதிரி. கனி மாணவியாக இருந்தபோது தக்காளித் தண்டில் அதை வரவழைத்துப் படம் வரைந்திருக்கிறாள். அழகாக வரைவாள்.

ஒட்டுக் கட்டும் பருவத்தில் லீவு போட்டுவிட்டு என் கத்தியோடு போனேன். "அப்பா உதவிக்கு வந்திருக்காவ" என்று மாமியார் இசக்கியம்மாளிடம் சந்தோஷமாகச் சொன்னாள். குழந்தையை மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கீறினேன், அவள் மொட்டை வைத்துக் கட்டினாள். என் கத்தியை அவ்வப்போது ஒரு சின்னப் புட்டியில் நனைத்துக்கொண்டேன். கிருமிநாசினி என்று நினைத்திருப்பாள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய கதையெல்லாம் பேசினோம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல நாள் அதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் அடித்தண்டில் கழலை வந்துவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கே வந்தாள்.

"அப்பா, இது நாம லேப்ல பாத்ததுதான?"

அவளிடம் பெயரை மறைக்க முடியாது. ஆமாம் என்றேன். கழலையை வெட்டி எடுத்துவிட்டுப் பசை தடவச் சொன்னேன்.

"ஒவ்வொரு செடிக்கும் கத்தியக் கழுவண்டாமா?"

"அதெல்லாம் புத்தகத்துக்கு. தோட்டத்தில் அவசியமில்லை" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். படித்ததைவிட என்னை நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் சம்பாதித்து வைத்திருந்தேன். ஒரே கத்தியால் தோட்டம் முழுக்க வெட்டினார்கள். தை மாதத்தில் நல்ல செடி என்று காட்ட அங்கே அதிகம் இல்லை.

அப்போது ஒருநாள் அங்கே சாப்பிட்டேன். ஐயாதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. நோய் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கேட்டான். சில வருடங்களாக வெளிநாட்டில் கண்டுபிடித்துவருவதை மதுரை நூலகத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். கழலை ஒருவிதச் சத்தைச் சமைக்கும். அந்தச் சத்தை அந்த பாக்டீரியாவைத் தவிர வேறு யாராலும் எளிதில் தின்ன முடியாது. தின்று பெருகும்போது ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அது அவற்றின் பேச்சு. அந்தப் பேச்சு உரத்துவிட்டால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கழலை உண்டாக்கும் மரபணு வளையத்தைப் பக்கத்திலிருக்கும் சாதுவான பாக்டீரியாவுக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிடும்.

"அப்ப மண்ணுல சும்மா கெடந்ததையும் கெடுத்துப்பிடும், என்ன மாமா?"

"ஆமாம், மாப்பிள்ளை."

"எம்புட்டுப் புத்தி அதுகளுக்கு" என்றான். பிறகு, "நீங்க சாப்பிடுங்க மாமா, நீங்க ஏன் கைய வச்சிட்டு இருக்கிய" என்று எனக்கு மோர் ஊற்றினான்.

நான் நியாயமாகவே பேசினேன். தோட்டத்தை விட்டுவிடுங்கள், ராஜபாளையத்துக்கு வாருங்கள், என் வீட்டில் இடம் இருக்கிறது, மில்லில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். ஐயாதுரை கனியைப் பார்த்தான். அவன் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். கனிதான், "இல்லப்பா. செடியெல்லாம் எரிச்சிட்டு மறுபடி நடுவோம். மண்ணைச் சுத்தம் பண்ண ஒரு வழி சொல்லுங்க, அது போதும்" என்றாள்.

அது அவளுடைய பேச்சு இல்லை. அவன் சொல்லிக்கொடுத்தது. நான் வளர்த்த பெண் அப்படிப் பேச மாட்டாள்.

இனி டின்னுக்கு வருகிறேன். பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கிகளில் பூச்சியைக் கொல்ல விடுகிற வாயு அது. ஒரு பழைய மாணவன் கிட்டங்கியில் வேலையில் இருக்கிறான். ஆராய்ச்சிக்கு என்று கேட்டேன், கொடுத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. சுவாசிக்கிறவனுக்குச் சுவாசிப்பது தெரியாது. தெரிகிற நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வாயுவால் மண்ணிலிருக்கும் கிருமி முழுவதும் ஒழியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்றுக் கொட்டகைக்குள் மண்ணைக் குவித்து, படுதாவைச் சுற்றிலும் இறக்கிவிட்டு, உள்ளே டின்னைத் திறக்க வேண்டும் என்று ஐயாதுரைக்கு விளக்கினேன். மூக்கில் ஈரத் துண்டு கட்டினால் போதும் என்றேன். ஆள் வைத்துச் செய்ய வேண்டாம், நீங்களே செய்யுங்கள், அன்று கனியையும் குழந்தையையும் என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். பார்த்தீர்களா, அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை.

வியாழக்கிழமை காலையில் கனி வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். பூரி மாவு பிசைந்து வைத்திருந்தேன். அவள் உட்காரவில்லை.

"அப்பா, அவியளுக்கு விடியக்காலையிலருந்து காய்ச்சல். எந்திரிக்கவே முடியலை. மண்ணு குமிச்சாச்சு, காயப்போட்டா வீணாயிரும். நானே போயி அந்த டின்ன ஒடச்சிட்டு சாயங்காலம் வந்து பிள்ளையக் கூட்டிக்கிடுதேன்."

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரிகிறது. அப்போது அவளைத் தடுத்திருக்கலாம். வாயு முகமூடி கல்லூரி ஆய்வகத்தில் அலமாரியில் இருந்தது, நடந்து போய் எடுத்து வந்துவிடலாம். நான் யோசித்தேன். முகமூடியைக் கொடுத்தால், இது இவ்வளவு ஆபத்தானதா என்று கேட்பாள். ஈரத் துண்டு போதும் என்று அவியளிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள். அவள் என் மாணவி, சார். ஒரு கேள்வியோடு நிறுத்த மாட்டாள். அங்கிருந்து கத்திக்குப் போவாள், கத்தியிலிருந்து புட்டிக்குப் போவாள். அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டாள்.

"ஜாக்கிரதை" என்றேன். அதைச் சொன்னேன். "நல்லாக் கட்டிக்கிடுதேன்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

குழந்தைக்குப் பூரி பிட்டுப் பாலில் தோய்த்து ஊட்டினேன். தூங்க வைத்தேன். வீட்டில் ஒரு பிள்ளை தூங்கும்போது வருகிற அமைதி எவ்வளவோ வருடம் கழித்து வந்தது. மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐயாதுரை தரையில் கிடந்தான். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்க மகள நாங்க பாத்துக்கிடலையே" என்று அழுதாள். அவளே அப்படிச் சொன்ன பிறகுதான், கொடுமைப்படுத்தி விஷ வேலைக்கு அனுப்பினார்கள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். கணவன் படுத்துக்கொண்டு மனைவியை அனுப்பியது உண்மைதானே. காய்ச்சல் என்பது ஒரு காரணமா?

டின்னை யார் கொடுத்தது என்று ஐயாதுரை சொல்லவில்லை என்கிறீர்கள். மகளைப் பறிகொடுத்தவரை ஒன்றும் கேட்காதீர்கள் என்று உங்களிடம் சொன்னானாம். நல்லவன்தான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அவனை விட்டுவிடுங்கள். செடியைக் கெடுத்தது நான். அவன் சாக வேண்டும் என்று வாயுவைக் கொடுத்தது நான். தெரிந்தே அவளைப் பஸ் ஏற விட்டதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு கோரிக்கை மட்டும். எனக்கு வயது ஐம்பத்தேழு. ஜாமீனில் வர முடியும் என்று வக்கீல் சொல்கிறார். வழக்கு முடிய எவ்வளவோ காலம் ஆகும். அதுவரைக்குமாவது குழந்தையை என்னிடம் விடச் சொல்லி எழுதுங்கள். ஐயாதுரை வாலிபன், தோட்டமும் போய்விட்டது, அவனுக்கு என்ன தெரியும். தாயில்லாத பெண்ணை எப்படி வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சார். ஒருத்தியை வளர்த்திருக்கிறேன்.