பன்னிரண்டு மணிக்குள் கடல்

– கையைக் காட்டுங்க மாமா.

– எதுக்கு மாப்ள, காலங்கார்த்தால ஜோசியம் பார்க்கப் போறியா?

– ரெண்டு கையும். உள்ளங்கை மேல இருக்கட்டும்.

– ஒரு கையில பெட்டி இருக்கு.

– அதைக் கீழ வைங்க. ம். கட்டை விரல்ல என்ன கருப்பு?

– பாலிஷ். செருப்புக்குப் போட்டேன்.

– நீங்க போட்டிருக்கது ரப்பர் செருப்பு.

– அதுக்கும் போடலாம்னு நினைச்சேன்.

– ஆள்காட்டி விரல்லயும் இருக்கு. சோப்பு போட்டுப் பார்த்தீங்களா?

– மூணு தரம். லாட்ஜுக்காரர் குடுத்த சோப்பு பாதி கரைஞ்சு போச்சு.

– போகாது. லிஃப்ட் கயித்துக்குப் போடுற கிரீஸ் அது. இருபத்தாறு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன், என் கையிலயே இன்னும் போகல. நேத்து சாயங்காலம் நீங்க குளிக்கப் போனப்போ, பானெட்டைத் திறந்து காயில் ஒயர் மேல நான்தான் தடவி வச்சேன்.

– எலிப்பொறி மாதிரி.

– எலிப்பொறியேதான். இப்ப வந்து பார்த்தா ஒயர் கழண்டு தொங்குது. அது இல்லேன்னா எஞ்சினுக்குப் பொறி போகாது. நாள் பூரா சாவியைத் திருகினாலும் உறுமுமே தவிர ஓடாது. நேத்துக் காலையிலயும் இதே ஒயர். பழைய வண்டி, குலுக்கல்ல கழண்டிருக்கும்னு விட்டுட்டேன். நீங்க பக்கத்துல நின்னு “என்ன மாப்ள, பெரிய கோளாறா?”ன்னு கேட்டீங்க.

– அக்கறையாத்தான் கேட்டேன்.

– குடை வேற பிடிச்சீங்க. எனக்கு வெயில் படக் கூடாதுன்னு.

– வெயில் நிஜமாவே அதிகம் மாப்ள.

– இந்தா பாருங்க. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, உள்ள இருக்கவன் கதவைத் தட்டுவான், கத்துவான், என் வம்சத்தையே திட்டுவான். ஒருத்தன் மட்டும் மூலையில சாஞ்சு விசிலடிச்சுக்கிட்டு நின்னா, பட்டனை அமுக்கினவன் அவன்தான். நேத்து வண்டி நின்னப்போ நீங்க பதறவே இல்ல. அப்பவே சந்தேகம்.

– நான் விசிலடிக்கல.

– குடை பிடிச்சீங்கல்ல, அது போதும். இப்ப மணி என்ன?

– ஏழு அஞ்சு.

– இன்னிக்கு யாரு பிறந்தநாள்?

– என்னைப் பரீட்சை பண்றியா? என் பொண்டாட்டி பிறந்தநாள். உங்க அக்கா. இருந்திருந்தா அம்பத்தெட்டு.

– அக்கா உயில்ல என்ன எழுதியிருந்தா? நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க.

– ரெண்டு பேரும் சேர்ந்து, இதே வண்டியில, நாட்டோட அந்தக் கோடிக்குப் போகணும். அவ பிறந்தநாள் அன்னிக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள, கடலோரத்துல அவ சிநேகிதி வீட்டு வாசல்ல நிக்கணும். நின்னா வண்டி உனக்கு. பிந்தினா அந்தச் சிநேகிதி நடத்துற பழைய கார் காட்சிக்கூடத்துக்கு.

– ஒரு வார்த்தை பிசகல. அப்போ தெரிஞ்சேதான் கழட்டியிருக்கீங்க.

– நூத்தி எண்பத்தி நாலு கிலோமீட்டர் பாக்கி. இந்த வண்டிக்கு நாலு மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினாக்கூட போதும்னு அளந்துதான் வச்சிருந்தேன்.

– எல்லாத்தையும் அளந்துருவீங்க.

– முப்பத்தி மூணு வருஷம் நிலம் அளந்தவன். தோராயமாப் பேச வராது.

– அப்போ இதையும் அளந்து சொல்லுங்க. வண்டி எனக்குக் கிடைக்கக் கூடாது, அதானே? பதினோரு வருஷமா மனசுல வச்சிருந்து இப்ப தீர்த்துக்கிறீங்க.

– எதை மனசுல வச்சிருந்தேன்?

– நான் சொன்ன அந்த வார்த்தையை.

– எந்த வார்த்தை? சொல்லு மாப்ள. அன்னிக்கு நாப்பது பேர் முன்னால சொன்னவன், இன்னிக்கு ஒருத்தன் முன்னால சொல்றதுக்கு என்ன?

– “வீட்டோட மாப்பிள்ளைக்கு வண்டியும் வேணுமா”ன்னு.

– ம். சத்தம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு.

– பத்து வயசுல இருந்து அந்த வண்டிக்கு அடியில மல்லாந்து கிடந்தவன் நான். அப்பா போனதும் பார்த்தா, அக்கா பேருக்கு எழுதி வச்சிருக்காரு. நீங்க தூபம் போட்டீங்கன்னு நினைச்சேன்.

– எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதே மாப்ள.

– அது அப்போ தோணல.

– எப்போ தோணுச்சு?

– முதல் நாள். கிளம்பும்போது நேரா வந்து பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, மடியில வரைபடத்தை விரிச்சீங்க பாருங்க. அப்போ. இந்த மனுஷன் இந்த சீட்டைத் தவிர வேற சீட்டுல உட்கார்ந்ததே இல்லன்னு தோணுச்சு.

– உங்கப்பா ஏன் அவளுக்கு எழுதினார்னு ஒரு நாளாவது கேட்டியா? “இவன் கையில குடுத்தா கழட்டிக் கழட்டிப் பார்த்துக்கிட்டே இருப்பான். அவகிட்ட குடுத்தா ஓட்டுவா. வண்டின்னா ஓடணும்”னார். என்கிட்டதான் சொன்னார்.

– இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?

– நீ கதவைச் சாத்திட்டுப் போன வேகத்துல எங்க சொல்றது? அப்புறம் நானும் சொல்லல. வீம்பு. அவ மட்டும் உன் வீட்டுக்கு வந்து பார்த்துட்டு வருவா. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே “உங்க மச்சினன் இளைச்சிட்டான்”ம்பா. நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்குவேன்.

– பேச்சை மாத்தாதீங்க. ஒயரை ஏன் கழட்டினீங்க?

– முதல்ல அதை மாட்டு. பேசிக்கிட்டே மாட்டு. நேரம் போகுது.

– இப்ப மட்டும் அவசரமா? பிடிங்க, இந்தத் துணியைப் பிடிங்க. இது என்ன, ஒயர் முனையில சிவப்பா ஒரு பொட்டு? பெயிண்ட்டா?

– நெயில் பாலிஷ்.

– வண்டிக்கா?

– ஒரு தடவை சர்வீஸுக்கு விட்ட இடத்துல நல்ல பாகத்தை எடுத்துக்கிட்டு, தேய்ஞ்சதை மாட்டி அனுப்பிட்டாங்க. நீ விலகிப் போன அடுத்த வருஷம். உன்னைக் கூப்பிட்டுக் கேக்கவும் முடியல அவளுக்கு. அதுக்கப்புறம் சின்னப் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து, கழட்டக்கூடிய எல்லாத்துலயும் ஒரு புள்ளி வச்சா. விரல்ல போட்டது கம்மி, எஞ்சினுக்குப் போட்டதுதான் அதிகம்.

– எல்லாத்துலயுமா?

– கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து வைப்பா. ஆனா எல்லாத்துலயும்.

– சரி. மாட்டியாச்சு.

– என்ன, திடீர்னு குரல் உள்ள போயிருச்சு?

– ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. ஏன் கழட்டினீங்க?

– பன்னிரண்டு மணிக்கு அங்க போய் நிக்கிறோம்னு வை. நீ சாவியை வாங்கிக்குவ. எனக்கு அஞ்சரை மணி பஸ். சீட்டு எடுத்து வச்சிருக்கேன், இந்தப் பையில இருக்கு. வீட்டுக்குப் போவேன். அங்க துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் வந்துட்டுப் போயாச்சு. அவளைப் பத்தி நான் ஆரம்பிச்சாலே “சாப்பிட்டீங்களா?”ன்னு கேட்டுடறாங்க. நல்ல மனசோடதான் கேக்கறாங்க. ஆனா அதோட பேச்சு முடிஞ்சிருது. பக்கத்து வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டுறார். யாரையும் தப்பு சொல்லல மாப்ள. ஒரு மனுஷன் எத்தனை தரம்தான் கேப்பான்?

– ம்.

– ரெண்டாம் நாள் வண்டி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?

– ரோட்டர் உடைஞ்ச அன்னிக்கு.

– ஆமா, உன் உள்ளங்கைக்குள்ள அடங்குற அந்தச் சாமான். அது இல்லேன்னாலும் வண்டி நகராதுன்னு சொன்ன. அந்த ஊர்ல ஒரே ஒரு பழைய இரும்புக் கடை, அதுவும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பான்னு சொன்ன. காலையில எட்டுல இருந்து நாலு வரைக்கும் அந்தப் புளிய மரத்தடியில உட்கார்ந்திருந்தோம்.

– பெஞ்சுல ஒரு கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

– எட்டு மணி நேரம் அவளைப் பத்திப் பேசினேன். மலைப்பாதையில பிரேக் பிடிக்காம, பாட்டுப் பாடிக்கிட்டே கியரை இறக்கி வண்டியை நிறுத்தினது. ஆஸ்பத்திரியில நர்ஸுக்கு ரிவர்ஸ் எடுக்கிறது எப்படின்னு படுக்கையில இருந்தே சொல்லிக் குடுத்தது. நீ ஒரு தரம் கூட “சாப்பிட்டீங்களா?”ன்னு கேக்கல. “அப்புறம்?”, “அப்புறம்?”னுதான் கேட்ட. மத்தியானம் நிஜமாவே ரெண்டு பேரும் சாப்பிடல.

– அந்தப் பதினோரு வருஷத்து அக்காவை எனக்குத் தெரியாது, மாமா. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து அரை மணி நேரம் இருப்பா. என் பொண்ணு படிப்பைப் பத்தியே பேசிட்டுப் போயிருவா. அவ பாடுவான்னே அன்னிக்குத்தான் தெரியும்.

– அதான். இன்னும் ஒரு அரை நாள் கிடைக்குமான்னு பார்த்தேன். உன் வண்டியைக் கெடுக்கணும்னு இல்ல. நேத்து ரெண்டு மணி நேரம் கிடைச்சுது. இன்னிக்கு ஒரு மணி நேரம் போதும்னு நினைச்சேன். கிரீஸ் தடவுவன்னு நினைக்கல.

– கேட்டிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே.

– கேக்கத் தெரிஞ்சிருந்தா பதினோரு வருஷம் எதுக்கு மாப்ள?

– அக்கா ஏன் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும்னு எழுதினான்னு இப்ப புரியுது. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கும்போது பார்த்திருக்கேன். ஏறும்போது மூஞ்சியைக் கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. கதவைத் திறந்தா, ஒருத்தன் இன்னொருத்தன் பிள்ளைக்கு வரன் பார்த்துக்கிட்டு இருப்பான்.

– அவளே பட்டனை அமுக்கிட்டுப் போயிட்டா.

– ஏறுங்க. சாவியைத் திருகுறேன். இந்தா, பிடிச்சிக்கிச்சு. சத்தம் கேட்டீங்களா? இழைஞ்சு ஓடுது.

– ஏழு நாப்பது. பதினொண்ணே முக்காலுக்குச் சேரலாம். வழியில நிக்கலேன்னா.

– அந்த பஸ் சீட்டை எடுங்க.

– எதுக்கு?

– எடுங்க, சொல்றேன்ல. ஜன்னல் வழியா போட வேணாம், ரோடு அசிங்கமாகும். கிழிச்சு உங்க பையிலயே வைங்க. பன்னிரண்டு மணிக்கு மேல வண்டி என்னுது. என் வண்டியில பக்கத்து சீட்டு காலியா இருந்தா எனக்கு ஓட்ட வராது. வந்த வழியே திரும்புறோம். அஞ்சு நாள்.

– ஆறு. மலைப்பாதை வழியாப் போனா ஆறு.

– சரி, ஆறு. அந்தப் பிரேக் பிடிக்காத வளைவைக் காட்டுங்க.

– பாட்டையும் பாடிக் காட்டணுமா?

– அவ்வளவு தூரம் வேணாம். ஆனா ஒரு நிபந்தனை மாமா. திரும்பிப் போற வழியில அந்த ஒயர் மேல கை வைக்கக் கூடாது. இப்பவே சத்தியம் பண்ணுங்க.

– பண்றேன். நான் ஒயரைத் தொட மாட்டேன். நீ ரோட்டரைத் தொடாத.

– ரோட்டரா? அது தானா உடைஞ்சது. நான்தான் கடையில போய் வேற வாங்கிட்டு வந்தேனே.

– வாங்கிட்டு வந்து மாட்டும்போது என்னைப் பிடிக்கச் சொல்லித்தானே குடுத்த? அதோட அடியில உங்க அக்கா வச்ச சிவப்புப் புள்ளி இருந்துச்சு மாப்ள. வண்டியே கை விட்டுப் போனாலும் பரவாயில்லன்னு அதை நீ சட்டைப் பையில ஒளிச்சு வச்சது புரிஞ்ச பிறகுதான், இந்த ஒயர் எங்க இருக்குன்னு நான் தேடவே ஆரம்பிச்சேன்.