இவள் எங்கே மூச்சு வாங்குகிறாள்?

மாலை ஆறே கால். நவம்பர். போ நதிக்கரை மேட்டுச் சாலை... ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு கார் போகிற அகலம். மூடுபனி எப்படி என்றால், ஓட்டுகிறவளுக்குத் தன் காரின் முன்பக்கமே தெரியாது. அந்தச் சாலையில் தனியாக வந்துகொண்டிருந்தவள் பெயர் நொயேமி. என் சிநேகிதன் ரெனாத்தோவின் சித்தி.

காயா, அந்த ஜன்னலைச் சாத்து. இந்தப் பனியில் நம் பஸ் இப்போதைக்கு வராது. கிராப்பா பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளுங்கள். ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்க்கிறவன் சொன்னால் பாதி பொய் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காயா மட்டும் சிரிக்கவில்லை. சால்வைக்குள் எதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் கேட்கவும் இல்லை.

நொயேமிக்குப் பொறாமை. இதை ஏன் மறைக்க வேண்டும்? இங்கே இருக்கிற எட்டுப் பாடகர்களில் அது இல்லாதவர் கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி. மேலே சொல்கிறேன்.

அவளும் செவெரினாவும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள். பதினோரு வருடம் மேடை செவெரினாவுக்கு, பக்கத்து அறை நொயேமிக்கு. மாற்றுப் பாடகி. நாயகிக்குத் தொண்டை கட்டினால் பாட வேண்டியவள். செவெரினாவுக்குத் தொண்டை கட்டவே இல்லை.

"ஒரு தும்மல்கூட வராதாடா அவளுக்கு?" என்று ரெனாத்தோவிடம் புலம்புவாளாம் சித்தி. "கல்லைத் தின்னாலும் செரிக்கும் போல."

ரெனாத்தோ அதே குழுவில் லூட் வாசித்தவன். மேடைக்கு நேர் கீழே அவன் நாற்காலி. அதனால் நடந்த எல்லாவற்றையும் பார்த்தவன் அவன்தான்.

செவெரினாவின் பேரெல்லாம் ஒரு பாட்டினால் வந்தது. பழைய ஓபரா ஒன்றில், கைவிடப்பட்ட ராணி பாடுகிற புலம்பல். நடுவில் நீளமாக ஒரு பகுதி, இறங்கி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதில் அவள் மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது, தெரியாது. "இவ எங்கடா மூச்சு வாங்குறா?" என்று பால்கனியில் கிழவர்கள் கிசுகிசுப்பார்கள். நொயேமி பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவள் விலா எலும்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருடம் பார்த்தும் பிடிபடவில்லை. அந்த இடத்தை நொயேமி பாடினால் மூச்சு வாங்குவது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கால்புள்ளி. அடுத்தவர் இசைப் பிரதியை யாரும் திறப்பதில்லை. வாடகைப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பரால் சுத்தமாக அழித்துவிட வேண்டும். செவெரினா கடைசிக் காட்சி முடிந்ததுமே, அலங்காரத்தைக்கூடக் கலைக்காமல் உட்கார்ந்து அழிப்பாள். நொயேமி பார்க்கும்படி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு ரப்பர் தூளை ஊதுவாள். பூ...

அன்றைக்குச் சாலையில் முதலில் தெரிந்தது வெளிச்சம். கீழேயிருந்து. வாய்க்கால் தண்ணீருக்குள் இரண்டு விளக்குகள், பச்சையாக. செவெரினாவின் கார் தலைகுப்புற இறங்கி நின்றது. கரையில் அவள் தோல்பை தெறித்துக் கிடந்தது. நொயேமி பையை எடுத்தாள். ஆம்புலன்ஸை அழைத்தாள். அவர்கள் வந்து கதவை உடைத்தபோது செவெரினா உயிரோடு இல்லை.

மறுநாள் இசை நடத்துநர் நொயேமியைக் கூப்பிட்டார். முதல் காட்சிக்கு எட்டு நாள். ராணி வேஷம் அவளுக்குத்தான்.

பையில் இருந்த பிரதியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. அந்த நீளமான பகுதியில் ஏழு கால்புள்ளிகள். நாம் யாரும் மூச்சு வாங்க நினைக்காத இடங்கள்... ஒரு சொல்லின் நடுவயிற்றில், லூட் தந்தி அதிர்கிற கணத்தில். முதல் ஒத்திகையில் அவற்றைப் பின்பற்றிப் பாடினாள். ரெனாத்தோவுக்குக் கை நின்றுவிட்டது. செவெரினாவே பாடுவது போலிருந்தது என்றான்.

இரண்டாம் நாள் கால்புள்ளி ஆறுதான் இருந்தது. பக்கத்தின் மடிப்பில் ரப்பர் தூள். தாள் லேசாக ஈரம்.

"எவளோ என் பிரதியை அழிக்கிறாடா, ரெனாத்தோ!"

"உன் பிரதியா சித்தி?" என்றான் அவன்.

அழிந்த இடத்தில் தானே ஒன்று போட்டுப் பார்த்தாள். பென்சில் வழுக்கியது, கோடு விழவில்லை. சரி, இடம்தான் மனப்பாடமாகிவிட்டதே என்று ஒத்திகையில் அங்கே வாயைத் திறந்தாள்... காற்று உள்ளே வரவில்லை. நாக்கில் சேற்று ருசி. அடுத்த கால்புள்ளி வரை இழுத்துப் பிடித்துத்தான் போக வேண்டியிருந்தது.

பிரதியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். ஐந்து. கதவைப் பூட்டினாள். நான்கு. தூக்கத்தில் காதருகே யாரோ தூளை ஊதும் சத்தம்... பூ... என்று.

விலகிவிடு என்று ரெனாத்தோ கெஞ்சினான். "பதினோரு வருஷம்டா," என்றாள் சித்தி. "செத்தும் எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டாளா அவ?"

எட்டாம் நாள், முதல் காட்சி. அன்று காலையில் கடைசிப் புள்ளியும் இல்லை.

அந்தப் பகுதி முழுவதையும் அவள் ஒரே மூச்சில் பாடினாள். மேலே பால்கனியில் ஒரு கிழவர் வாய்விட்டே சொன்னார், "இவ எங்கடா மூச்சு வாங்குறா?" ரெனாத்தோவுக்குக் கேட்டது. சித்திக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் அவள் சிரித்தாள். பாட்டு முடிந்தது. கைதட்டல். அவள் சிரித்தபடியே நின்றாள்... உதடு நீலமாகிக்கொண்டே போனது. பக்கத் திரைக்குள் போய் விழுந்தாள்.

ரெனாத்தோ ஓடினான். அவள் கண் அவன் காதில் செருகியிருந்த பென்சிலையே பார்த்தது. அவனுக்கு எப்படித் தோன்றியதோ, அவள் முகத்துக்கு முன்னால் மேடைப் பலகையில் ஒரு கால்புள்ளி போட்டான்.

ஒரு மூச்சு வந்தது. ஒன்றே ஒன்று.

இன்னொன்று போட்டான். இன்னொரு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தில் வைத்தார்கள், டாக்டர்கள் நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். குறை இல்லைதான். ஆனால் புள்ளி வேண்டும். படுக்கையை ஒட்டிய சுவரில் ரெனாத்தோவும் அவன் தங்கையும் முறை போட்டுக்கொண்டு போட்டார்கள். பகல், இரவு. அவன் விரலில் இன்றைக்கும் அந்தக் காய்ப்பு இருக்கிறது.

"பையை எடுத்ததுக்கா இவ்வளவு?" என்றாள் காயா. "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாதானே அவ?" சொல்லிக்கொண்டே, சால்வைக்குள் இருந்து எங்கள் நாயகி ஒர்சோலாவின் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒர்சோலா அதைப் பார்த்தாள்.

ரெனாத்தோவும் இதையேதான் கேட்டான், பத்தொன்பதாம் நாள். பேச மூச்சு வேண்டுமே... அவன் சுவரில் ஒவ்வொன்றாகப் போடப் போட, சித்தி ஒவ்வொரு துண்டாகச் சொன்னாள்.

"உடனே கூப்பிடலடா..."

"கார் வெளிச்சத்துல புஸ்தகத்தைத் திறந்தேன்..."

"எத்தனை புள்ளின்னு எண்ணினேன்..."

"அவ உள்ள மூச்சு வாங்கிட்டிருந்தா... கேட்டுது..."

"நான் ஒண்ணு எண்ண... அவ ஒண்ணு வாங்கினா..."

"ஏழு வரைக்கும்..."

"அப்புறம் கேக்கல. அப்புறம்தான் போன் பண்ணேன்."

ரெனாத்தோ அழுதுகொண்டே எட்டாவது புள்ளியைப் போடச் சுவரில் பென்சிலை வைத்தான். அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சில்லென்று, ஈரமாக. அசைய விடவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். சித்தியின் இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடந்தன.