குவாரிச் சத்தமும் மஞ்ச மாத்திரையும்

உக்காருங்க டாக்டரம்மா, பட்டாசுக்கு வெறும் காகிதக் குழாய்தான் உருட்டுறேன், வெடிக்காது. கை பாட்டுக்கு ஓடட்டும், சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. மொகத்தப் பாத்துப் பேசவும் கூச்சம். வாலிப ஆளுக திடீர்னு நெஞ்சடைச்சுப் போறது எதுனாலன்னு விசாரிக்கத்தான வந்திருக்கீக? எங்க வீட்டுக்காரரு போனது பயத்துலயா, மாத்திரையிலயான்னு எனக்கும் சொல்லிட்டுத்தான் போகணும்.

பேரா? செல்லப்பாண்டி. புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாக. போன மனுசன் இனிமே கோவிச்சுக்கவா போறாக. குடியா? ம்ஹூம், டீதான். அவுக போன அன்னைக்கு எங்க சொந்தக்காரகள விட டீக்கடைக்காரருதான் கூடுதலா அழுதாரு.

லாரியில பட்டாசுப் பெட்டி லோடு ஏத்துற வேலை. சீசன்ல முதுகு விட்டுப்போகும்ல, மெடிக்கல்ல மஞ்ச மாத்திரை வாங்கிப் போடுவாக. டாக்டரு சீட்டு எதுக்கு, முதுகப் புடிச்சுக்கிட்டு நின்னாலே குடுத்துருவாக. தீவாளி நெருங்க நெருங்க சோத்துக்கு முன்ன மாத்திரைதான்.

அன்னைக்கா? எங்களுக்குச் சத்தம் புதுசில்லம்மா. குவாரியில மதியம் வெடி, பட்டாசுக் கம்பெனியில சாயங்காலம் சாம்பிள் வெடி. அந்தந்த நேரத்துல கேட்டா தொட்டில்ல கெடக்குற புள்ள கூட முழிக்காது. நேரந்தப்பிக் கேட்டாத்தான் ஊரே ஓடும். அன்னைக்குக் குவாரிக்காரன் காலையிலேயே வெடிச்சுட்டான். இவுக நான் வேலை பாக்குற கம்பெனிதான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டாக. போனப் போட்டா நான் எங்கன எடுக்க? எங்க போனெல்லாம் வாட்ச்மேன்கிட்ட வாசல்லயே இருக்கும். பெட்டிய அப்படியே போட்டுட்டு வெயில்ல ஓடியே வந்திருக்காக.

நான் வாசலுக்கு வந்தா, நிக்கிறாக. என்னையப் பாத்துச் சிரிச்சாக. அடியே மாரிசெல்வி, ஒனக்கு ஒண்ணுமில்லையா, எனக்கு அரைநாள் வேலை போச்சேன்னாக. உக்காந்தாக. எந்திரிக்கல.

அத்தை பயம்ங்குது. பயந்தவுக சிரிப்பாகளா, சொல்லுங்க. தெருவுல போதை மாத்திரைங்கிறாக. அவுக வாய மூட முடியுமா. ரெண்டும் சேந்தும் இருக்கலாமா? அப்ப மாத்திரையும் ஒரு காரணம்ங்கிறீக.

இல்ல, சும்மாதான் கேட்டேன். அவுக சட்டைப் பையில மிச்ச மாத்திரை அட்டை கெடந்துச்சு. இத உருட்டி உருட்டி எனக்கும் தோள்பட்டை கழண்டு போகுது பாருங்க. போட்டேன், வலிக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. அது முடிஞ்சதும் நானே போயி வாங்கியாந்தேன். போட்டா நெஞ்சு லேசா படபடங்கும், அம்புட்டுதான். புள்ளைக்குப் பால் குடுக்குறேன்ல, அதான் ஒரு யோசனை.

இந்தா வாரேன் அத்தை, புள்ளைய அழ விடாதீக. காலையில ஒண்ணு போட்டுட்டேன் டாக்டரம்மா, இப்ப மதியத்துக்கு உள்ளதப் போடவா, வேண்டாமா?