உம்மா போற பக்கம்

— நில்லு, நில்லு! திரும்பவும் இடது கால்.

— இல்ல டீச்சர்...

— என்ன இல்ல? நான் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறன். கொஞ்சம் முந்தியும் வகுப்பு முழுக்க வலப்பக்கம் ரெண்டு அடி வச்சு ஒரு கைதட்டு. நீ மட்டும் இடப்பக்கம் போய் றுக்கியாவை இடிச்சாய்.

— றுக்கியாதான் என்னை இடிச்சவ.

— ஓமோம். எல்லாரும் பிழை, அசனா மட்டும் சரி. சிரிக்காத!

— சிரிக்கேல்ல டீச்சர். பல்லு விழுந்ததால வாய் அப்பிடி இருக்கு.

— நல்ல கதை... இங்க பார் மகள். நீ சாப்பிடுற கை எது?

— இது.

— அதுதான் வலது. துறைமுகம் எந்தப் பக்கம்?

— இப்பிடி நிண்டா இடப்பக்கம். அங்கால திரும்பி நிண்டா வலப்பக்கம்.

— ஆ! என்னைவிட வடிவாத் தெரியுது. அப்ப ஆடேக்க மட்டும் ஏன் பிழைக்குது?

— சப்பாத்துக் கடிக்குது.

— கழற்று பாப்பம்... எங்க கடிச்சது? ஒண்டையும் காணேல்லயே.

— இல்ல, முள்ளுக் குத்தினது.

— எப்ப?

— நேசறியில படிக்கேக்க...

— அசனா! நீ இப்ப ரெண்டாம் ஆண்டு. நேசறியில குத்தின முள்ளு இன்னும் உள்ள நிக்குதோ?

— இன்னும் நோகுது டீச்சர்.

— இது பகிடிக் கதை இல்ல. வியாழக்கிழமை விளையாட்டுப்போட்டியில ஆட வேணும். அதிபர் காலமை வந்து பார்த்திட்டு, அந்தப் பிள்ளையை வரிசையால எடுங்க டீச்சர் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.

— எந்தப் பிள்ளைய?

— எந்தப் பிள்ளையை எண்டு நினைக்கிறாய்?

— என்னைய...

— ஐயோ, அழாத. உன்னை எடுக்க எனக்கு விருப்பமில்ல. அதுக்குத்தான் எல்லாரையும் அனுப்பிப்போட்டு உன்னை மறிச்சு வச்சிருக்கிறன். கெதியா ஒருக்காச் சரியா ஆடிக் காட்டு. எனக்கும் வீட்டுக்குப் போக வேணும். அங்க என்ட மனுசன் பார்த்துக்கொண்டு இருப்பார்.

— பாட்டு?

— பாட்டு எதுக்கு? பாட்டில்லாமலே தாளம் தப்பாத பிள்ளை இந்த வகுப்பில நீ ஒராள்தான்.

— அது உம்மாவோட பழகினது. உம்மாவும் பாட்டில்லாமத்தான் ஆடுவா.

— உம்மா குவைத்தில எல்லோ?

— ஓம், போன்ல ஆடுவா. மகரிபு தொழுகை முடியத்தான் எடுப்பா. அப்ப அங்க இன்னும் பின்னேரம், வேலை வீட்டு மெடம் நித்திரை. பாட்டுப் போட்டா எழும்பிடுவா. அதால உம்மா குசினியில போனை மா டின்னில சாத்தி வச்சிட்டு, வாய்க்குள்ள எண்ணி எண்ணி ஆடுவா.

— நான் படிப்பிச்ச ஆட்டமா?

— ஓம். நீங்க எங்களுக்குப் படிப்பிக்கிற எல்லாம் நான் உம்மாக்குப் படிப்பிப்பன். தவளைப் பாய்ச்சல் மட்டும் ஏலாது எண்டவ. கீழ் வீட்டுக்குச் சத்தம் கேக்குமாம்.

— ம்... கேக்கும்தான். அப்ப உம்மாவும் இடது காலோ?

— இல்ல, உம்மா வலது கால். டீச்சர் சொன்னபடிதான் ஆடணும் எண்டு சொல்லுவா.

— அப்ப நீயும் உம்மா மாதிரி வலதில ஆடலாமே.

— ஆடினனான் டீச்சர். முதல் நாள்.

— பிறகு?

— அது ரகசியம்.

— சொல்லு மகள். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

— அந்தக் கோள்மூட்டி றம்ஸானுக்கும்?

— றம்ஸானுக்கும் சொல்லமாட்டன்.

— நீங்க எனக்கு முன்னுக்கு வந்து நில்லுங்க. இப்ப நீங்கதான் உம்மா. நான் நான்தான். கையைத் தாங்க. ரெண்டு பேரும் வலது கால் வைப்பம். சரியா?

— சரி. ஒண்டு... ரெண்டு... ஐயோ, மகள்! கையை விடு, கையை விடு!

— பார்த்தீங்களா? இழுக்குது. நீங்க அந்தப் பக்கம் போறீங்க, நான் இந்தப் பக்கம் போறன்.

— ஓம்... என்ட வலது உனக்கு மற்றப் பக்கம்.

— போன்லயும் அப்பிடித்தான். தட்டுறதுக்குப் பார்க்கிறன், உம்மா அந்த ஓரத்தில. நான் கட்டிலுக்குப் பக்கத்தில. உம்மா கேட்டவ, மகள் எங்க போனாய் எண்டு. உங்கட சொல்லக் கேட்டா நானும் உம்மாவும் ரெண்டு பக்கம் போறம் டீச்சர்.

— அதால நீ காலை மாத்திட்டாய்.

— ஓம். இப்ப நீங்க வலதிலயே வைங்க, நான் இடது வைக்கிறன். ஒண்டு, ரெண்டு...

— தட்டு!

— பார்த்தீங்களா, நேருக்கு நேர்!

— ஓம் மகள். நேருக்கு நேர்தான்... இன்னொருக்கா ஆடுவமா?

— நேரமாகுது எண்டனீங்க?

— ஒருக்கா மட்டும். ஒண்டு, ரெண்டு, தட்டு... உம்மாட்டச் சொல்லி அவட காலை மாத்தியிருக்கலாமே?

— சொன்னனான். டீச்சர் சொன்னதை மாத்தக்கூடாது எண்டு ஏசினவ. பிறகு நான் சொல்லாமலே என்ட காலை மாத்திட்டன். நானும் வலதுதான் வைக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. நீங்க சொல்லிடாதீங்க.

— நான் ஏன் சொல்லப்போறன்? வியாழக்கிழமையும் பார்ப்பாவா?

— ஓம். உம்மாட தங்கச்சி, றிஷானா சாச்சி, முன்னுக்கு நிண்டு போனைப் பிடிப்பா. அந்த நேரம் மெடம் முழிப்பாம். அதால பாத்றூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு என்னோட சேர்ந்து ஆடுவன் எண்டவ. அங்க பாத்றூம் நல்ல பெருசாம்... நான் மற்றப் பக்கம் போனா உம்மா தனிய எல்லோ ஆடுவா?

— தனியத்தான்... இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியாமப் போச்சே.

— நீங்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோ ஆடுறீங்க. றம்ஸான் கோள் சொன்னதாலதான் திரும்பிப் பார்த்தீங்க.

— அது சரி. ஆனா முன்னுக்கு நிக்கிற ஆள் மற்றப் பக்கம் போகும் எண்டது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணுமே.

— நீங்க வீட்டில ஆரோட ஆடிப் பழகுறீங்க? உங்கட வீட்டுக்கார சேரோடயா?

— ம்... ஓம். அவரோடதான்.

— அவர் எந்தப் பக்கம் போவார்?

— நான் போற பக்கம்தான்.

— முன்னுக்கு நிண்டா?

— முன்னுக்கு நிண்டாலும்... சாச்சி வாறாவோ எண்டு கேற்றடியில பார் மகள்.

— ரோட்டில திரியிற மான்தான் டீச்சர் நிக்குது. சாச்சி இல்ல. உங்கட சேர் ஏன் உங்கள ஏத்திக்கொண்டு போக வாறதே இல்ல?

— அவருக்கு வேலை.

— போன கிழமையும் வேலை எண்டனீங்க. மழையில நனைஞ்சுகொண்டு நிண்டீங்க, அண்டைக்கும் வேலையா?

— காணும், வந்து ஆடு.

— டீச்சர், கோவமா?

— கோவமில்ல மகள். நீ உண்மையைச் சொன்னனீ, நான்தான் பொய் சொல்லிக்கொண்டு நிக்கிறன். சேர் வீட்டில இல்ல. போன வருசமே என்னை விட்டிட்டுப் போயிட்டார். நான் கதவைச் சாத்திப்போட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால நிண்டுதான் உங்கட ஆட்டமெல்லாம் பழகுறன். கண்ணாடியில நிக்கிற ஆள் நான் போற பக்கம்தானே வரும். ஒராளோட ஆடியிருந்தா இது எனக்கு எப்பவோ விளங்கியிருக்கும்.

— எங்களுக்குத் தெரியும் டீச்சர்.

— என்ன தெரியும்?

— சேர் போயிட்டார் எண்டு. வகுப்பில எல்லாருக்கும் தெரியும். சாச்சிதான் சொன்னவ. டீச்சருக்கு மனவருத்தம், நீங்க ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டு.

— எல்லாருக்குமா... றம்ஸானுக்குமா?

— அவனுக்கும்தான். அவன் இதை மட்டும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல. டீச்சர், என்னை வரிசையால எடுப்பீங்களா?

— இல்ல. எடுக்கவும் மாட்டன், காலை மாத்து எண்டு சொல்லவும் மாட்டன். அதிபர் ஏசினா ஏசட்டும். ஆனா வியாழக்கிழமை ஒருத்தரை ஒருத்தர் இடிக்காம எப்பிடி ஆடுறது? அதை மட்டும் நீயே சொல்லு.

— நீங்க முதுகைக் காட்டாம, எங்களப் பார்த்துக்கொண்டு நில்லுங்க டீச்சர். நீங்க வலது காலே வைங்க... நாங்க எல்லாரும் இடது கால் வச்சு, நீங்க போற பக்கமே வாறம்.