இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம்

நேர்முகத் தேர்வு என்றால் நான் அரை மணி நேரம் முன்பே போய்விடுவேன். தாராவியிலிருந்து ஐரோலிக்குப் போக, சயானில் ஏறி தாணேயில் வண்டி மாற வேண்டும். எந்த ரயிலையும் நம்ப முடியாது.

ஆம்புலன்ஸ் உதவி எண்ணில் அழைப்புகளை எடுக்கும் வேலை. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் இந்தியில் கேட்டார்: நெருக்கடியான நேரத்தில் பொறுமையாக இருந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள், யாசர். அவரிடம் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே சொல்கிறேன்.

நான் நான்கு வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியின் கால் சென்டரில் இருந்தேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு எங்களுக்கு வரும். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை நாங்கள் அனுப்ப வேண்டும்.

செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செக்ரட்டரி சுரேந்திரன், திருநெல்வேலிக்காரர். லிஃப்ட் சத்தம் போடுகிறது, விளக்கு மினுக்குகிறது என்று அடிக்கடி கூப்பிடுவார். நான் எடுத்தால் தமிழிலேயே திட்டுவார். ஒருநாள் நானும் குரலை உயர்த்திவிட்டேன். என் பெயரைக் கேட்டு வாங்கிப் புகார் எழுதினார். கம்பெனி என்னை ஒரு வாரம் பொறுமைப் பயிற்சிக்கு அனுப்பியது. நேற்று சேர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "உங்கள் சிரமம் புரிகிறது" என்று நாற்பது தடவை சொல்ல வைத்தார்கள். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு மதியம் இரண்டு பத்துக்கு அவருடைய அழைப்பு வந்தது. லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் இல்லை, காற்றும் இல்லை. வழக்கம்போல் திட்டினார். கேட்டுக்கொண்டேன். ஆள் கிளம்பிவிட்டார் என்றேன்.

கணினியில் காலித் என்ற மெக்கானிக்கின் பெயரைப் பதிந்தேன். அவன் அப்போது முலுண்டில் வேறொரு லிஃப்டின் குழிக்குள் இறங்கியிருந்தான். அங்கே செல்போன் எடுக்காது என்று எனக்குத் தெரியும். செம்பூருக்குப் பக்கத்தில், குர்லாவில் இன்னொரு மெக்கானிக் சும்மா உட்கார்ந்திருந்தார். அதுவும் தெரியும்.

அரை மணி நேரத்தில் திட்டுவது நின்றது. ஆள் எங்கே வருகிறார் என்று மட்டும் கேட்டார். குர்லா சிக்னலில் என்றேன். இன்னொரு லைனில் அவர் மனைவி கீதா கூப்பிட்டு, தீயணைப்புக்காரர்களை வரச் சொல்லட்டுமா என்றார். அவர்கள் கதவை உடைத்தால் லிஃப்ட் கீழே போய்விடலாம், பத்து நிமிடம் பொறுங்கள் என்றேன். நம்பினார். திரும்பக் கூப்பிட்டபோதெல்லாம் அதையே சொன்னேன். ஏழாவது மாடியில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருந்தார்.

மூன்றரைக்கு அவர் குரல் மாறியது.

"நெஞ்ச அடைக்குப்பா. எனக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. ஒரே இருட்டா கெடக்கு, பயமா இருக்கு. உன் பேரு என்ன?"

"யாசர், சார்."

அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மெதுவாக, "அன்னைக்கு எழுதுனத மனசுல வச்சுக்கிடாத ராசா. ஆள அனுப்பிட்டியா, உண்மையச் சொல்லு" என்றார்.

"உங்க சிரமம் புரியுது சார். வந்துக்கிட்டே இருக்காங்க."

சட்டைப் பட்டனைக் கழற்றச் சொன்னேன். மூச்சை எண்ணச் சொன்னேன். அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதும் வெளியிலிருந்து கீதா தட்டுவதும் கேட்டன. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. யாரும் என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

நாலே முக்காலுக்கு மூச்சுச் சத்தமும் நின்றது. அப்போதுதான் குர்லாக்காரரை அனுப்பினேன். இருபது நிமிடத்தில் போய்க் கதவைத் திறந்துவிட்டார். சுரேந்திரன் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

விசாரணை நடந்தது. அழைப்புகள் எல்லாம் பதிவாகும் என்பதால் மாட்டிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதிவைக் கேட்டு இந்தியில் எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் புகார்ப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். கணினியில் பெயர் பதிவாகியிருந்ததால், தகவல் கிடைத்தும் போகவில்லை என்று காலித்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவனுக்காக வருத்தம்தான். என் பதிவைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலைக் கவனியுங்கள், இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை என்றார் மேனேஜர்.

ஐரோலியில் அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு ஆளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. எங்களிடம் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

அழைப்பவரின் பெயர், பேசத் தொடங்கும் முன்பே திரையில் தெரியுமா என்று கேட்டேன். முன்பு ஒருமுறை அழைத்த எண்ணாக இருந்தால் தெரியும் என்றார்.

முன்பே தெரிந்தால் மரியாதையாகப் பேச வசதியாக இருக்கும் என்றேன். அதற்காகத்தான் கேட்டேன்.