பஷீருதீன் பாயின் வலது கால்

கடைசி நாள் அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதச் சொன்னீர்கள்.

பஷீருதீன், வயது அறுபத்தேழு, மாமல்லபுரத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர்.

ஆஸ்மா, அவருடைய மகள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர்.

ஜெரோம், பிசியோதெரபி மையத்தை நடத்துகிறவர். முன்னறையில் யாருக்கோ தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், அதனால் சேர்க்கிறேன்.

சடையப்பன், கொத்தனார். நாங்கள் ஆரம்பிப்பதற்குள் கிளம்பிவிட்டார். அவரையும் எழுதிவைப்பது நல்லது.

உலகநாதன், உதவியாளர். அது நான்.

வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் நன்றாகப் பேசுவார்கள். மூன்று வருடம் இந்த வேலையில் இருந்து நான் தெரிந்துகொண்ட ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் மையம் பூஞ்சேரிப் பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு சுழல்நீர்த் தொட்டி உண்டு. இடுப்பு உயர எவர்சில்வர் தொட்டி, ஓரத்தில் ஒரு மோட்டார். மோட்டார் ஓடினால் தண்ணீரும் காற்றும் சேர்ந்து சுழன்று அடிக்கும். எலும்பு உடைந்து சேர்ந்த கணுக்கால், மடங்காத முட்டி எல்லாம் அதில் கொஞ்சம் இளகும். இளகியதும் ஜெரோம் சார் வந்து மடக்கி நீட்டுவார். தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சார் ஒரு தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். வெப்பமானி வைத்துப் பார்க்காமல் யாருடைய காலையும் இறக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு முப்பத்தாறு டிகிரி, பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. ஒருவர் எழுந்ததும் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, மருந்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். விதிகள் எல்லாம் சரியானவை. ஏன் சரியானவை என்பதும் எனக்குத் தெரியும். பிசியோதெரபி இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவன் நான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் இரவு வேலை. அங்கே என் பெயர் நேட். கடல் தாண்டி யார் யாரோ நேட்டைத் திட்டுவார்கள். பகலில் தூங்குவேன். ஒருநாள் வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அந்த நான்கு வருடத்தில் வீட்டிலும் வெளியிலும் என்னோடு பேசிக்கொண்டிருந்த எல்லோரும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பரிதாபத்துக்காக இதை எழுதவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

பாய் வந்தது போன வருடம் ஆடி மாதம். சர்க்கரையால் அவருக்கு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் செருப்பு போட்டுவிட்டவர், தன் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். வலது பாதத்தில் புண். அதைச் சுத்தம் செய்து, மாதக் கணக்கில் கட்டுப் போட்டு வைத்ததில் கணுக்கால் இறுகிவிட்டது. அறுவை டாக்டர் கடிதம் கொடுத்து எங்களிடம் அனுப்பினார்.

"புண்ணோட தொட்டில எறக்க வேணாம்னு இப்பல்லாம் சொல்றாங்க," என்றார் ஜெரோம் சார். "டாக்டர் எழுதிட்டாரு. பத்து நிமிஷத்துல எடுத்துரு."

பாய் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, வாஷிங் மிஷினா?"

"காலுக்கு, பாய்."

"அதான் கேக்கறேன். கால தோச்சி குடுத்துடுவ. காயப் போடறதுக்குக் கயிறு எங்க கீது?"

"அத்தா, சும்மா இருங்க," என்றாள் ஆஸ்மா.

நான் காலை இறக்கிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல, "சூடு சரியா கீதா பாய்?" என்று கேட்டேன்.

"என்னியாண்ட இன்னாத்துக்குக் கேக்கற? கால கேளு. அது என்னியாண்ட பேசி ஆறு வருசம் ஆவுது."

சிரித்தேன். என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். உணர்ச்சி இல்லாத காலுக்கு, காலுக்குரியவரிடம் சூடு கேட்பது இந்த வேலையில் செய்யக் கூடாத முதல் தவறு. செய்தவுடனே தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதையே கேட்டேன். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பதில் வைத்திருப்பார்.

வாரம் மூன்று நாள் வந்தார்கள். என் பெயரைச் சுருக்கி 'ஒலகம்' என்று கூப்பிட்டது அவர்தான். என் காலைப் பார்த்துவிட்டு, "எட்டு சைசுக்காரன் ஒம்போது போட்டுகினு கீற. யாருதுடா இது?" என்றார். என் அப்பாவுடையது. அதை அவரிடம் சொன்னேன். நான் யாரிடமும் அப்பாவைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாவது வாரம் ஒருநாள் பத்து நிமிடம் முடிந்தபோது அவர் ஒரு கதையின் நடுவில் இருந்தார். யாரோ வெள்ளைக்காரர் வலது கால் செருப்பு மட்டும் கேட்டு வந்த கதை. முடியட்டும் என்று மோட்டாரை நிறுத்தவில்லை. அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம். காலை எடுத்தபோது புண்ணின் ஓரம் வெளுத்து உப்பியிருந்தது. ஆஸ்மா பயந்தாள். ஊறினால் அப்படித்தான் இருக்கும் என்றேன். பொய் இல்லை.

பிறகு ஒவ்வொரு முறையும் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆஸ்மாவுக்கு அதில் பெருமை. எங்களுக்கு மட்டும் ஜாஸ்தி நேரம் வைக்கிறார் என்று முன்னறையில் காத்திருக்கும் அணுபுரம் குடியிருப்பு ஆட்களிடம் சொல்வாள். சாரிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏதோ சலுகை என்று நினைத்து அவளும் சொல்லவில்லை.

இருந்தாலும் புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆஸ்மா வீட்டில் தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றுவாள்; பிடிவாதக்காரி. ஐப்பசியில் ஒரு பட்டாணி அளவுதான் மிச்சம். அப்போதுதான் பாய் ஷார்ஜா பேச்சை எடுத்தார். மகன் உசாமா அங்கே இருக்கிறான். பேரன் பிறந்து ஒன்பது மாதம். பாய் அவனை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். புண் மூடி, டாக்டர் சரி என்றால் விமானம் ஏறலாம்.

"எழுந்து நிக்கறான்டா ஒலகம். அவன் நடக்கறதுக்குள்ள நான் போயி நடந்து காட்டணும். பந்தயம்."

"யாரு ஜெயிப்பாங்க?"

"அவனுக்கு ரெண்டு காலு நல்லா கீது. எனக்கு ஒரு காலும் ஒரு வாஷிங் மிஷினும் கீது. பாப்போம்."

மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, ஒருநாள் அவரே, "அங்க போயி யாராண்டடா பேசறது, ஒரே ஏசி ரூமு, பேஜாரு," என்றார். ஒருமுறைதான் சொன்னார். மனதில் இருப்பதை ஒருவர் ஒருமுறைதான் சொல்வார் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குப் போக விருப்பமில்லை, மகனிடம் சொல்லத் தயங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வாரம் முப்பத்தொன்பது டிகிரி வைத்தேன். அடுத்த வாரம் நாற்பத்தொன்று. வெப்பமானி வைத்துப் பார்க்காமல் ஒருநாளும் இறக்கவில்லை. சூடு சரியா கீதா பாய் என்று கேட்டேன். "கல்யாணத்துக்குக் கூப்புட்டா மாதிரி கீது," என்றார்.

பட்டாணி அளவு இருந்தது எலுமிச்சை அளவு ஆயிற்று. சர்க்கரைக்காரர் கால் அப்படித்தான் என்று டாக்டரே சொன்னார். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். அன்றைக்குப் பாய் அரை மணி நேரம் சுழலும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் ஒன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு எழுதிக்கீது போல," என்றார். நான் அன்று பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தை மாதம் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு குழந்தை சோபாவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆறு அடி எடுத்து வைத்து விழுகிறது. போன் திரையில் தொட்டித் தண்ணீர் தெறித்திருந்தது. அவர் லுங்கியால் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி ஓடவிட்டார்.

"தோத்துட்டேன்டா."

போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஓடறதுக்குள்ளயாவது போவணும்."

மாசி கடைசியில் புண் மூடியது. எப்படி மூடியது என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்மாதான் காரணமாக இருக்க வேண்டும். பாதத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். வெள்ளிக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை கடைசியாக வந்தார்கள். அன்று இருந்தவர்களின் பெயர்களைத்தான் நீங்கள் எழுதச் சொன்னீர்கள்.

அவர்களுக்கு முன்னால் சடையப்பன். அவருக்கும் சர்க்கரை, காலில் சீழ் வைத்த புண். வெகுதூரத்திலிருந்து வந்துவிட்டார் என்று சார் பத்து நிமிடத்துக்கு ஒப்புக்கொண்டார். அவர் எழுந்து போனபோது தண்ணீர் கலங்கியிருந்தது. வாடையும் இருந்தது. அறையில் எப்போதும் மருந்து வாடை இருப்பதால் மற்றவர்களுக்குத் தெரியாது.

பாயை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜெரோம் சார் கதவைத் திறந்து, "தண்ணி மாத்தியாச்சா?" என்றார்.

"ஆச்சு சார்."

சுவர்த் தாளில் கையெழுத்துப் போட்டேன். நான் மறக்கவில்லை. தொட்டியின் வடிகால் குழாயில் கை வைத்துவிட்டு, திறக்காமல் எடுத்தேன். இன்னொரு மாதம் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு. நாற்பத்திரண்டு டிகிரி வைத்து, காலை இறக்கி, நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். ஆஸ்மா பெட்டியின் எடை பற்றி அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாய் அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மூணே மாசம்டா ஒலகம். போனு பண்றேன், எடுக்கணும்," என்றார்.

காலைத் துடைக்கும்போது கோடு திறந்திருந்தது. துணி சுற்றி, காலுறையை நானே மாட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை காய்ச்சல். செங்கல்பட்டில் சேர்த்தார்கள். முதலில் பாதத்தை எடுத்தார்கள், நான்கு நாள் கழித்து முட்டிக்குக் கீழே. விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மின்சார ரயில் சத்தம் கேட்கிற வார்டு. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உசாமா வந்திருந்தான், குழந்தையை அழைத்துவர முடியவில்லை. நான் இருக்கிறேன் என்பதால் அவன் வெளியே போய்ச் சாப்பிட்டு வருவான்.

ஒருநாள் பாய் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அழுவாதடா. நீ ஜாஸ்தி நேரம் வெச்சதுனாலதான் இத்தினி நாளாச்சும் அந்தக் காலு என்கூட இருந்துச்சு."

நான் அழவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னார். இரண்டு நாளில் இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்கு ஆஸ்மா என்னையும் கூப்பிட்டிருந்தாள். உசாமா ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான். மதியச் சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தா வூட்லயும் ஒங்களப் பத்திதான் பேசிக்கினு இருப்பாரு."

அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரும் இல்லை. அதனால் சொன்னேன். நிமிடங்களிலிருந்து ஆரம்பித்து, டிகிரி, பிறகு சடையப்பன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும் அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"தண்ணி மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

"இருவது நிமிஷம்."

"எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லியே தம்பி. சொல்லியிருந்தா காத்துக்கினு இருந்திருப்போமே."

அவசரம் காரணமில்லை என்று விளக்கினேன். அத்தாவுக்கு ஷார்ஜா போக விருப்பமே இல்லை, உங்களிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னார் என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. எழுந்து வந்து, பாதி குடித்திருந்த டீ தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

துக்கம் அதிகமாக இருப்பவர்கள் அப்படி நடந்துகொள்வார்கள். வாசலுக்கு வந்து, "நாளைக்கும் வரேன்," என்றேன். "தனியா இருப்பீங்க. அவரப் பத்திப் பேசிக்கினு இருக்கலாம்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினாள்.